விளக்கை ஏற்றலாம், அடுப்பை மூட்டலாம்

வாசகர் வினா – விடை

கடந்த இதழில் ஆங்கில வாக்கிய அமைப்பைப் பற்றி எழுதியபோது, சொல்வளத்தைப் பற்றிய ஐயங்களை அனுப்பி வைக்குமாறு கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்திலிருந்தே வந்தவை. இங்கே நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் அது எனக்கு மகிழ்ச்சி தருகின்றது. ஒரே வினாவைப் பலர் கேட்டிருந்தமையால் ஏழு கடிதங்களை மட்டும் தெரிந்தெடுத்துள்ளேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் தருகின்றேன்.

வினா: வெளிநாட்டில் முதுமாணிப் பட்டம் படிக்க விரும்பி ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு இரண்டு தடவை தோற்றினேன். இரண்டாம் தடவைக்கு முன்னர், ஆயிரம் கடினமான சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை ஆறு மாதம் இருந்து மனனம் செய்தேன். ஆனால் எழுத்துப் பகுதியில் முதல் தடவை கிடைத்த 5.5 தான் மீண்டும் கிடைத்தது. நான் எழுதிப் பழகிய கட்டுரையின் ஒரு பகுதியையும் இணைத்துள்ளேன். பிழை எங்கே இருக்கின்றது, சேர்? (உப்புவெளி)

விடை: உங்கள் கட்டுரையை மூன்று தடவை வாசித்தேன். இலக்கணப் பிழை அதிகம் இல்லை. கருத்தும் நன்றாக இருக்கின்றது. ஆனால் மாரி காலத்து வெள்ளத்தைப் பற்றி நீங்கள் எழுதிய முதல் வாக்கியத்திலேயே உங்கள் ஆறு மாத உழைப்பு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. 'எ பிளெதோரா ஒஃப் ரெயின் கொமென்ஸ்ட், அன்ட் த பீப்பிள் வேர் இன் எ கலமிட்டஸ் மூட்' என்று எழுதியிருக்கின்றீர்கள். 'பிளெதோரா' என்பதற்குப் பட்டியலில் 'மிகுதி' என்று பொருள் போட்டிருந்திருக்கும். அது தவறான பொருள் அன்று. ஆயினும் அந்தச் சொல் பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றோடுதான் சேர்ந்து வரும்: அளவுக்கு மிஞ்சிய தெரிவுகள், அளவுக்கு மிஞ்சிய விதிமுறைகள் என்பன போல. மழையோடு அது சேராது. ஆங்கிலத்தில் மழைக்குத் துணை 'ஹெவி' என்னும் மிக எளிய சொல். 'கலமிட்டஸ்' என்பது பேரழிவான என்னும் பொருளில் போர், வீழ்ச்சி, தவறான முடிவு போன்ற நிகழ்வுகளுக்கு அடையாக வரும் சொல். மனநிலைக்கு அதனைச் சூட்டினால் ஆங்கிலம் அறிந்தவர் ஒரு கணம் திகைத்து நின்றுவிடுவார்.

இதனை நம் மொழியில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். விளக்கை ஏற்றுகின்றோம், அடுப்பை மூட்டுகின்றோம், சுருட்டைப் பற்ற வைக்கின்றோம். மூன்றிலும் நடப்பது நெருப்பு உண்டாக்குதல்தான். தமிழ் படிக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அகராதியைப் பார்த்துவிட்டு, 'அம்மா வாசலில் குத்துவிளக்கை மூட்டினார்' என்று எழுதினால் அதில் இலக்கணப் பிழை இல்லை, பொருளும் புரிகின்றது. ஆனால் எந்தத் தமிழ்க் குழந்தையும் அப்படிச் சொல்லாது. ஆரம்பப் பாடசாலையில் மயில் அகவும், ஆந்தை அலறும், குயில் கூவும் என்றும், பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி என்றும், தென்னைக்குத் தோப்பு, நெல்லுக்கு வயல் என்றும் மரபுச் சொற்களைப் படித்தோமே, அந்த மரபு எல்லா மொழிக்கும் உண்டு. ஒரு சொல்லை அதன் சுற்றத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்னும் கருத்தை, இங்கிலாந்தின் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த் 1957 இல் எழுதினார். அவருக்குப் பின் வந்த ஹாலிடே தேநீரை வைத்து இதனை விளக்கினார்: சாயம் கூடிய தேநீரை ஆங்கிலேயர் 'ஸ்ட்ரோங்' என்பார்களே அன்றி 'பவர்ஃபுல்' என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு சொற்களுக்கும் அகராதியில் ஏறத்தாழ ஒரே பொருள்தான்.

நீங்கள் தோற்றும் பரீட்சையின் எழுத்துப் பகுதிக்கு நான்கு அளவுகோல்கள் உள்ளன. வினாவுக்கு ஏற்ப விடை அளித்தல், கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம் என்னும் நான்கும் சம நிறை கொண்டவை. சொல்வளத்துக்கு 7 ஆம் நிலைப் புள்ளி பெறுவதற்கான விவரணத்தில், அரிதாக வழங்கும் சொற்களைக் கையாள்வதோடு, நடையையும் சொற்சேர்க்கையையும் பற்றிய உணர்வும் கேட்கப்படுகின்றது. நீங்கள் முன்பாதியை மட்டும் ஆறு மாதம் பயின்றிருக்கின்றீர்கள்.

உயர்நிலைச் சொல் என்றால் அரிய சொல் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். என் எண்ணம் வேறு. உங்கள் ஊர்க் கரையில் வலை இழுக்கும் ஒருவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நமக்கு எல்லாம் காற்றுத்தான், அவருக்கோ வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று ஒவ்வொன்றும் வேறு. அவர் ஒருநாளும் நிகண்டு படித்தவர் அல்லர். தமக்கு வேண்டிய வேறுபாட்டை வேண்டிய இடத்தில் சொல்லத் தெரிந்தவர். அதுதான் வளம். உங்கள் வாக்கியத்தையே நான் இப்படி மாற்றுவேன்: 'ஹெவி ரெயின் ஃபெல் ஃபோர் த்ரீ டேய்ஸ், அன்ட் த லோ-லையிங் வில்லேஜஸ் வேர் கட் ஓஃப்.' இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. தாழ்ந்த நிலப்பகுதிக்கு 'லோ-லையிங்' என்பதும், போக்குவரத்து அற்றுப்போன ஊருக்கு 'கட் ஓஃப்' என்பதும் அந்தந்த இடத்துக்கென்றே அமைந்தவை.

இனிச் செய்ய வேண்டியது இது. அந்த ஆயிரத்தில், பத்திரிகையிலோ பாடநூலிலோ நீங்களே ஒரு முறையாவது எதிர்கொண்ட சொற்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஐம்பதுதான் தேறினாலும் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியே எழுதாமல், அதற்கு முன்னும் பின்னும் வந்த சொற்களோடு சேர்த்து ஒரு தொடராக எழுதி வையுங்கள். 'மிட்டிகேட்' என்று எழுதி 'தணித்தல்' என்று பொருள் எழுதுவதைக் காட்டிலும், 'மிட்டிகேட் த இம்பாக்ட் ஒஃப் ஃப்ளட்ஸ்' என்று எழுதி வைப்பதே பயன் தரும். எஞ்சிய சொற்கள் எங்கேயும் போய்விடா, வாசிப்பில் தாமாக எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வினா: நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தமிழ் மொழிமூலம் படிக்கின்றேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று அண்ணா சொல்லிப் பயப்படுத்துகின்றார். ஒரு ஆங்கிலப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிக்க எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? (கிண்ணியா)

விடை: மகள், இந்த வினாவுக்கு எண்களோடு விடை சொல்ல முடியும் என்பதே ஒரு ஆறுதல். முதலில் 'சொற்குடும்பம்' என்னும் கருத்தை விளங்கிக்கொள்ளுங்கள். 'டிவெலப்', 'டிவெலப்மென்ட்', 'டிவெலப்பர்', 'அன்டிவெலப்ட்' ஆகிய நான்கும் நான்கு சொற்கள் அல்ல, ஒரு குடும்பம். வேர் தெரிந்தால் உறுப்பினரை இனங்காணலாம். நியூசிலாந்து ஆய்வாளர் போல் நேஷன் 2006 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவல்களையும் பத்திரிகைகளையும் நூற்றுக்கு 98 சொற்கள் விளங்கும் அளவுக்கு வாசிப்பதற்கு 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் தேவை. பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 வரை போதும்.

98 என்பது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 98 தெரிந்தால், தெரியாதவை ஆறு. அவற்றை முன்பின் பார்த்து ஊகித்துவிடலாம். 95 தெரிந்தால் தெரியாதவை பதினைந்து. மூச்சு வாங்கும், ஆனாலும் ஏறிவிடலாம். 90 மட்டும் தெரிந்தால் ஒரு பக்கத்தில் முப்பது சொற்கள் தடுக்கும், அதற்குப் பெயர் வாசிப்பு அன்று.

ஒன்பதாயிரம் என்றதும் மனம் தளர வேண்டாம். சொற்கள் எல்லாம் ஒரே அளவில் வழங்குவன அல்ல. சிறுபான்மையான சொற்கள்தாம் பெரும்பான்மையான வேலையைச் செய்கின்றன. வங்காளத்தில் ஆங்கிலக் கல்வியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953 இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்டது. நீங்கள் சாதாரண தரம் சித்தியடைந்து பொது ஆங்கிலமும் படிப்பதால், அவற்றுள் பெரும் பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றது. அதன்மேல் எதைக் கட்டுவது என்பதற்கு, வெலிங்டனில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்னும் ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் உங்களைப் போன்றவர்களுக்கு வழி காட்டும். கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலிருந்து சுமார் 35 இலட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, வெஸ்டின் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் பரவலாக வருகின்ற 570 சொற்குடும்பங்களை அவர் இனங்கண்டார். கல்விசார் நூலில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இந்த 570 குடும்பங்களுள் அடங்கிவிடுகின்றது. 'அனலைஸ்', 'டெரைவ்', 'இன்டர்பிரெட்', 'ஹைப்போதிசிஸ்' போன்றவை அவை. நாளுக்கு இரண்டு என்று வைத்தாலும் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தொகுப்பு, பரிசோதனை, கருதுகோள், விகிதசமம் என்று அந்தக் கருத்துக்களை எல்லாம் தமிழில் நீங்கள் ஆழமாகக் கற்றிருக்கின்றீர்கள். கருத்தையும் சொல்லையும் ஒருங்கே கற்பவரை விட, தெரிந்த கருத்துக்குப் புதிய சொல்லைக் கற்பவருக்குச் சுமை பாதி. அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வினா: லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைப் படித்தால் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களுக்குத் தானாகவே பொருள் தெரிந்துவிடும் என்று ரியூஷன் வகுப்பில் சொன்னார்கள். இது உண்மையா? (தம்பலகாமம்)

விடை: பாதி உண்மை. 'ஸ்பெக்ட்' என்னும் லத்தீன் வேருக்குப் பார்த்தல் என்று பொருள். உள்ளே பார்ப்பது 'இன்ஸ்பெக்ட்', பார்த்துக்கொண்டிருப்பவர் 'ஸ்பெக்டேட்டர்', பின்னோக்கிப் பார்ப்பது 'ரெட்ரோஸ்பெக்ட்', நான்கு பக்கமும் பார்த்து நடப்பவர் 'சேர்கம்ஸ்பெக்ட்' ஆனவர். இவ்வளவும் ஒரு வேரிலிருந்து கிடைப்பது இலாபந்தான். எதிர்மறை காட்டும் 'இன்' என்னும் முன்னொட்டு 'பொஸிபிள்' முன் 'இம்' ஆகின்றது, 'லீகல்' முன் 'இல்' ஆகின்றது, 'ரெகுலர்' முன் 'இர்' ஆகின்றது. ஆங்கில மாணவர் இதனை விதிவிலக்கு என்று மனனம் செய்கின்றனர். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆவதை அறிந்த நமக்கு இது வெறும் புணர்ச்சி.

ஆனால் வேர் சில இடங்களில் ஏமாற்றிவிடும். 'பெடஸ்ட்ரியன்' என்பது கால்நடையாகச் செல்பவர், ஏனெனில் லத்தீனில் 'பெட்' என்றால் பாதம். அதை வைத்துக்கொண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்பது பாத மருத்துவம் என்று எழுதிய மாணவரை நான் கண்டிருக்கின்றேன். அது சிறுவர் மருத்துவம். அங்கே இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆகவே வேரைக் கொண்டு ஊகியுங்கள், பின்னர் அகராதியில் சரிபாருங்கள். இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

வேர்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது, ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு மூன்று சொற்கள் இருக்கின்றன என்னும் வரலாறு. 1066 இல் பிரெஞ்சு பேசிய நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. கோயிலிலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம் தொடர்ந்தது. அதனால்தான் தொழுவத்தில் நிற்கும்போது 'கவ்' ஆக இருப்பது சாப்பாட்டு மேசையில் 'பீஃப்' ஆகின்றது. வளர்த்தவர் ஆங்கிலம் பேசினார், உண்டவர் பிரெஞ்சு பேசினார். கேட்டல் என்பதற்குப் பழைய ஆங்கிலச் சொல் 'ஆஸ்க்', பிரெஞ்சு வழி வந்தது 'குவெஸ்ச்சன்', லத்தீன் வழி வந்தது 'இன்டெரொகேட்'. அம்மா பிள்ளையிடம் கேட்பது முதலாவது, விசாரணை அதிகாரி கேட்பது மூன்றாவது. இடம் மாறினால் அம்மா பொலிஸ் ஆகிவிடுவார். நம்மிடமும் இது உண்டு. கிணற்றில் அள்ளும்போது தண்ணீர், விஞ்ஞானப் பாடத்தில் நீர், கோணேசர் கோயிலில் கையில் வாங்கும்போது தீர்த்தம். தாகம் எடுத்தவர் யாரும் 'கொஞ்சம் தீர்த்தம் தாருங்கள்' என்று வீட்டுப் படியில் நின்று கேட்பதில்லை.

உப்புவெளி வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். 'பிகின்' என்பதை விட 'கொமென்ஸ்' உயர்ந்தது அல்ல. அது பட்டமளிப்பு விழாவுக்கும் வழக்கு விசாரணைக்கும் உரியது. மழை தொடங்குவதற்கும் அம்மா சமைக்கத் தொடங்குவதற்கும் 'பிகின்' அல்லது 'ஸ்டார்ட்' தான் சரி.

வினா: இன்று படித்த சொல் நாளை மறந்துவிடுகின்றது. வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டதால் இருக்குமோ? (சம்பூர்)

விடை: வயதின் மேல் பழி போட வேண்டாம். ஜேர்மனிய உளவியலாளர் ஹேர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை மணி நேரத்தில், எத்தனை நாளில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து 1885 இல் நூலாக வெளியிட்டார். அதை அவர் செய்து முடித்தது முப்பத்தைந்து வயதுக்குள். அந்த வயதிலும் நினைவு முதல் நாளிலேயே செங்குத்தாக விழுகின்றது, பின்னர் மெல்ல மெல்லக் குறைகின்றது. மறப்பதற்குச் சற்று முன்னர் ஒரு முறை நினைவுகூர்ந்தால், அடுத்த மறதி தள்ளிப்போகின்றது.

இதைக் கொண்டு செபஸ்தியான் லைட்னர் என்னும் எழுத்தாளர் 1972 இல் ஒரு அட்டைப்பெட்டி முறையை எடுத்துரைத்தார். என் வீட்டில் அது பழைய பிஸ்கட் பேணி ஒன்றில் இருக்கின்றது. தபாலட்டையை நான்காக வெட்டி, ஒரு பக்கம் சொல் இடம்பெறும் தொடரை, அந்தச் சொல்லின் இடத்தை மட்டும் வெற்றாக விட்டு எழுதுவேன். மறுபக்கத்தில் சொல். பேணியில் மட்டைத் துண்டுகளால் ஐந்து அறைகள். முதல் அறை நாள்தோறும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, அதற்கடுத்தது வாரத்துக்கு ஒருமுறை, நான்காவது இரு வாரத்துக்கு, ஐந்தாவது மாதத்துக்கு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதலாவதற்குத் திரும்பிவிடும். இதில் முக்கியமானது ஒன்றுண்டு: அட்டையைத் திருப்புவதற்கு முன் மனதுக்குள் தேட வேண்டும். பட்டியலை மேலிருந்து கீழாகப் பத்து முறை வாசிப்பது தெரிந்தது போன்ற உணர்வைத் தரும், அவ்வளவுதான். தேடிக் களைத்து எடுத்த சொல்லே நிற்கும்.

ஒரே நாளில் ஒத்த பொருளுடைய சொற்களையோ எதிர்ச்சொற்களையோ சேர்த்துப் படிக்க வேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கின்றேன். ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

வினா: எங்கள் ஊரில் ஆங்கிலப் புத்தகங்கள் கிடைப்பது அரிது. வீட்டில் மொத்தம் இரண்டு புத்தகங்கள்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒருமுறை வாசித்துவிட்டேன். இனி என்ன செய்வது? (மூதூர்)

விடை: மீண்டும் வாசியுங்கள். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் ஊர்க்காரருக்குத் தெரிந்த கதை ஒன்றே இதற்குச் சான்று. 1660 இல் கொட்டியாரக் குடாவில் கப்பலைச் செப்பனிட வந்து இறங்கிய ரொபர்ட் நொக்ஸ் என்னும் இளைஞரும் அவருடைய தந்தையும் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்துவிட, மகன் 1679 இல் தப்பிச் செல்லும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தத் தீவில் இருந்தார். அவரிடம் இரண்டு ஆங்கில நூல்கள் இருந்தன. அவற்றை ஏறத்தாழ மனப்பாடம் ஆகும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வாசித்ததாக அவரே எழுதுகின்றார். பின்னர் ஒரு முதியவர் கொண்டுவந்த ஆங்கில விவிலியம் ஒன்றைப் பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பி 1681 இல் இலங்கையைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது. அவருக்குத் தாய்மொழி ஆங்கிலம், உங்களுக்கு இல்லை, அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் சில நூல்களோடு நெடுநாள் இருப்பதன் பயன் இருவருக்கும் பொது.

முதல் வாசிப்பில் கதையைப் பின்தொடர்ந்திருப்பீர்கள். இரண்டாவதில் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியாத சொற்களுள் கதைக்கு இன்றியமையாத இரண்டை மட்டும் கோடிட்டு அகராதியில் பாருங்கள். மூன்றாவதில் உங்களுக்குத் தெரிந்த சொற்களையே கவனியுங்கள். 'டேக்', 'செட்', 'பிரேக்' போன்ற சின்னச் சொற்கள் எத்தனை விதமாக வேலை செய்கின்றன என்று அப்போதுதான் கண்ணில் படும். மேல்நிலை மாணவர்கள் தடுமாறுவது பெரிய சொற்களில் அல்ல, இவற்றில்தான். ஒரு பத்தியை வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் எழுத்தாளர் வேறு சொல்லைப் போட்டிருக்கின்றாரோ அந்த இடமே உங்களுக்கான பாடம். புதிய புத்தகம் வேண்டுமாயின் கைத்தொலைபேசியில், பதிப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பேர்க் திட்டத்தின் தளம் இருக்கின்றது. ஆனால் அவை பெரும்பாலும் பழைய நடை. இக்கால நடைக்கு ஒரு ஆங்கில நாளிதழின் ஆசிரியர் தலையங்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வினா: ஆங்கிலம் – தமிழ் அகராதி பாவிப்பது பிழை என்று மகளின் ஆசிரியர் சொல்கின்றார். சரியா? (திருகோணமலை நகரம்)

விடை: பிழை இல்லை. மரம், பறவை, நோய், கருவி ஆகியவற்றின் பெயர்களுக்கு இருமொழி அகராதியே விரைவான வழி. வினைக்கும் பண்புக்கும் மட்டும் ஆங்கிலம் – ஆங்கிலம் அகராதி வேண்டும், அதுவும் கற்போருக்கென்று ஆக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏ. எஸ். ஹோர்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் உருவாக்கிய அகராதியிலிருந்து இந்த வகை வளர்ந்தது. 1978 இல் வந்த லோங்மன் கற்போர் அகராதி, சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே மற்ற எல்லாச் சொற்களையும் விளக்கியது. மகள் முதலில் ஆங்கில விளக்கத்தை வாசித்து, பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தானே தேடட்டும்.

வினா: நான் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்கின்றேன். வாசிக்கும்போது தெரிந்த சொல், பேசும்போது வாயில் வருவதில்லை. போன வாரம் ஒரு விருந்தினர், நாளை புறாத்தீவுக்குப் போகக் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குக் கடலைப் பற்றி எவ்வளவோ தெரியும், அப்பாவும் மீன்பிடிப்பவர். ஆனால் 'சீ இஸ் பேட்' என்று மட்டும் சொன்னேன். அவர் பயணத்தையே விட்டுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. (நிலாவெளி)

விடை: தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மொழியிலும் நாம் புரிந்துகொள்ளும் சொற்கள் அதிகம், பயன்படுத்தும் சொற்கள் குறைவு. தமிழிலும் அப்படித்தான்: பட்டினப்பாலையை வாசித்து விளங்கிக்கொள்பவர் அந்தச் சொற்களில் சந்தையில் பேசுவதில்லை. முதற்கூட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஒரு சொல்லைக் கொண்டுவர, அதை வாயால் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் எல்லாச் சொல்லையும் கொண்டுவர வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் மேசைக்கு வருபவர்கள் கேட்பது கடல், காற்று, பாதை, நேரம், உணவு என்று ஐந்தாறு விடயங்கள். அவற்றில் நீங்கள் நுட்பமாகப் பேசினால் போதும்.

கடலை எடுத்துக்கொள்வோம். அசைவற்றுக் கிடந்தால் 'காம்'. காற்று மேலே தட்டிச் சின்னச் சின்ன அலைகள் நெருக்கமாக எழுந்து படகு தடதடத்தால் 'சொப்பி', நனைவார்கள், ஆபத்து இல்லை. அலை பெரிதாகிப் படகு இறக்கத் தகாததாக இருந்தால் 'ரஃப்'. இங்கே காற்றே இல்லாமல், தூரத்தில் எங்கோ எழுந்த காற்றினால் நீண்ட அலைகள் ஏறி இறங்கி வந்தால் 'ஸ்வெல்'. இந்த வேறுபாடுகள் எல்லாம் உங்கள் அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் கேட்டால் தமிழில் இதைவிட நுட்பமாகச் சொல்வார். காலையில் வேலைக்கு வரும் வழியில் ஒரு நிமிடம் கரையில் நின்று, அன்றைய கடலை இரண்டு ஆங்கில வாக்கியத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு வாரம் கடல், அடுத்த வாரம் பாதை, அதற்கடுத்த வாரம் உணவு. கைத்தொலைபேசியில் பதிவு செய்து மாலையில் கேட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று தெரியும். அந்த இடத்துக்கான சொல்லை மட்டும் அன்றிரவு தேடுங்கள்.

அந்த விருந்தினருக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: 'இட்ஸ் காம் ஏர்லி இன் த மோர்னிங், பட் இட் கெட்ஸ் எ லிட்டில் சொப்பி பை டென். டேக் த ஃபேர்ஸ்ட் போட்.' நாளைக் காலை கரையில் நின்று இதனை நான்கு முறை சொல்லிப் பாருங்கள். அடுத்த விருந்தினர் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.